பவுன் வாங்கப் போகிறீர்களா? பில்லைப் படியுங்கள்!

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம். மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம். நிலம் வாங்கினால் பத்திரத்தை நாலு பேரிடம் காட்டி, வில்லங்கமும் போட்டுப் பார்க்கிறோம்.

நகை வாங்கும்போது?

கண்ணாடியில் கழுத்தைப் பார்க்கிறோம். கடையில் கொடுக்கும் குளிர்பானத்தைக் குடிக்கிறோம். பில்லின் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்க்கிறோம். பணத்தைக் கட்டிவிட்டு, பில்லை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நமது வீடுகளில் நகை என்பது அழகுக்கு மட்டும் உள்ள பொருள் அல்ல. மகளின் கல்யாணத்துக்கு அதுதான். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அதுதான். மழை பொய்த்த வருஷத்தில் விதை வாங்க அதுதான். ஆஸ்பத்திரியில் திடீரென்று பணம் கட்டச் சொன்னால், இரவோடு இரவாகக் கழற்றிக் கொடுப்பதும் அதைத்தான். அது கழுத்தில் கிடக்கும் சேமிப்பு.

ஆகவே, நகை வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் கொடுத்த பணத்தில் எவ்வளவு தங்கமாக வீட்டுக்கு வந்தது? எவ்வளவு கடையிலேயே தங்கிவிட்டது?

இதற்குப் பதில் பில்லில் இருக்கிறது. அதைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பெருக்கல் கணக்குத் தெரிந்தால் போதும்.

காரட் என்றால் என்ன?

கலப்பே இல்லாத தங்கம் மிகவும் மென்மையானது. அதில் வளையல் செய்தால் நசுங்கிவிடும். சங்கிலி செய்தால் தேய்ந்துவிடும். அதனால் கொஞ்சம் செம்பும் வெள்ளியும் சேர்த்து உறுதியாக்குகிறார்கள்.

எவ்வளவு சேர்த்தார்கள் என்று சொல்லும் கணக்குத்தான் காரட். நகையை 24 பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். 24 பங்கும் தங்கம் என்றால் அது 24 காரட். 22 பங்கு தங்கம், 2 பங்கு வேறு உலோகம் என்றால் அது 22 காரட். 18 பங்கு தங்கம் என்றால் 18 காரட்.

இதையே ஆயிரத்துக்கு இவ்வளவு என்றும் சொல்கிறார்கள். 22 காரட் நகையில் 1,000 பங்குக்கு 916 பங்கு தங்கம். எல்லோர் வாயிலும் வரும் "916" இதுதான். 20 காரட்டுக்கு 833. 18 காரட்டுக்கு 750. 14 காரட்டுக்கு 585. 9 காரட்டுக்கு 375.

"பவுன்" கணக்குக்கும் 22 காரட்டுக்கும் பழைய உறவு உண்டு. இங்கிலாந்தில் 1817-ம் ஆண்டு முதல் அச்சடிக்கப்பட்ட ஒரு பவுண்டு தங்க நாணயம் நம் ஊருக்கும் வந்தது. அதன் சுத்தம் 22 காரட். அதன் எடை 8 கிராமுக்கு மிகச் சிறிதே குறைவு. பவுண்டு நம் வாயில் பவுன் ஆயிற்று. இன்று ஒரு பவுன் என்றால் சரியாக 8 கிராம்.

8 கிராம் எடையுள்ள 22 காரட் நகையில், சுத்தத் தங்கம் 7 கிராம் 330 மில்லி இருக்கும். மற்றது செம்பும் வெள்ளியும்.

14 காரட் சட்டம்

நமது மக்களுக்கு 22 காரட்டின் மேல் எவ்வளவு பிடிப்பு என்பதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. சீனப் போருக்குப் பிறகு, 1963 ஜனவரியில் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. அப்போது நிதி மந்திரி மொரார்ஜி தேசாய். புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உத்தரவு.

மக்கள் அந்த நகையை விரும்பவில்லை. நாடு முழுவதும் பொற்கொல்லர்கள் வேலை இழந்து தவித்தார்கள். 1966-ல் 14 காரட் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1968-ல் தங்கக் கட்டுப்பாடு தனிச் சட்டமாயிற்று. அந்தச் சட்டமும் 1990-ல் போய்விட்டது.

உரைகல்லும் மாற்றும்

காரட் வருவதற்கு முன் தமிழர்கள் "மாற்று" என்ற கணக்கில் தங்கத்தை மதித்தார்கள். உயர்ந்த குணம் உள்ளவரைப் "பத்தரை மாற்றுத் தங்கம்" என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? அது அந்தக் கணக்கில் வந்த பேச்சு.

மாற்றுப் பார்க்க உரைகல் இருந்தது. கறுப்புக் கல்லில் நகையை ஒரு கோடு உரசுவார்கள். பக்கத்திலேயே, மாற்று தெரிந்த தங்கத்தை ஒரு கோடு உரசுவார்கள். இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிட்டு, திராவகம் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள்.

கைதேர்ந்தவர் கண்ணுக்கு அது போதும். ஆனால் கல்லில் உரசுவது நகையின் மேல்பகுதி மட்டுமே. தீர்ப்புச் சொல்பவர் கடைக்காரரின் ஆளாக இருந்தால், வாங்குகிறவர் நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நகையின் துண்டுகளை இணைக்க ஆசாரி பொடி வைத்து ஊதுவார். அந்தப் பொடியில் மாற்றுக் குறைவு. எடுத்த தங்கம் 22 காரட்டாக இருந்தாலும், பொடி சேர்ந்த நகையை உருக்கினால் மொத்தச் சுத்தம் குறைந்து நிற்கும். விற்கப் போன இடத்தில்தான் வீட்டுக்காரருக்கு அது தெரியும்.

இதற்கு மாற்றாகக் காட்மியம் என்ற உலோகத்தை வைத்து ஊதும் முறை வந்தது. அந்த நகைகளைத்தான் "கே.டி.எம்." என்றார்கள். காட்மியம் நகையில் தங்காமல் புகையாகப் போய்விடும். அதனால் சுத்தம் குறையாது. ஆனால் அந்தப் புகை ஆசாரியின் நுரையீரலைக் கெடுத்தது. ஹால்மார்க் விதிகள் இப்போது காட்மியத்தை அனுமதிப்பதில்லை.

ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள். கே.டி.எம். என்பது பொடி வைக்கும் முறையின் பெயர். அது சுத்தத்தின் அளவு அல்ல. "இது கே.டி.எம். நகை அம்மா" என்று யாராவது சொன்னால், "அது இருக்கட்டும், எத்தனை காரட்?" என்று கேளுங்கள்.

முத்திரை வந்தது

இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்பது மத்திய அரசின் அமைப்பு. சுருக்கமாக பி.ஐ.எஸ். என்பார்கள். தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை இடும் திட்டத்தை அது 2000-ம் ஆண்டு தொடங்கியது. விரும்பிய கடைக்காரர் முத்திரை பெறலாம் என்பதே அப்போதைய ஏற்பாடு.

2021 ஜூனில் அது கட்டாயம் ஆயிற்று. முதலில் 256 மாவட்டங்களில் வந்தது. பிறகு மேலும் பல மாவட்டங்களுக்கு விரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஒவ்வொரு நகைக்கும் தனி எண் கொடுக்கும் முறை வந்தது. ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் அந்த எண் இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம்.

முத்திரை இடும் மையத்தில் என்ன செய்கிறார்கள்?

முதலில் எக்ஸ்ரே கதிர் இயந்திரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அது சில நொடிகளில் விடை சொல்லும். ஆனால் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். அதனால் கடை அனுப்பிய நகைக் கட்டில் இருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து, நெருப்புச் சோதனையும் செய்கிறார்கள்.

அந்தத் துணுக்கை எடை போட்டு, வெள்ளியும் ஈயமும் சேர்த்து, உலையில் காய்ச்சுவார்கள். ஈயமும் செம்பும் கருகி, அடியில் உள்ள கிண்ணத்துக்குள் ஊறிப் போய்விடும். தங்கமும் வெள்ளியும் மணியாக நிற்கும். அந்த மணியைத் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்துவிடும். மிஞ்சுவது சுத்தத் தங்கம். முதல் எடையையும் கடைசி எடையையும் ஒப்பிட்டால் காரட் தெரிந்துவிடும். புடம் போட்ட பிறகு பொய் நிற்காது!

மூன்று அடையாளம்

இன்றைய முத்திரையில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும்.

ஒன்று, பி.ஐ.எஸ். சின்னம். அது முக்கோண வடிவில் இருக்கும்.

இரண்டு, சுத்தத்தின் அளவு. உதாரணமாக 22 காரட்டுக்கு 916 என்ற எண்.

மூன்று, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம். இதை எச்.யு.ஐ.டி. எண் என்கிறார்கள். ஒரு நகையின் எண் இன்னொரு நகைக்கு வராது.

எழுத்து மிகப் பொடியாக இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கூச்சப்படாமல் பூதக்கண்ணாடி கேளுங்கள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி கடையில் இருக்க வேண்டும்.

வீட்டில் செல்போன் வைத்திருக்கும் பிள்ளை இருந்தால் கடைக்குக் கூட்டிப் போங்கள். "பி.ஐ.எஸ். கேர்" என்ற செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் நகையின் ஜாதகமே வரும். என்ன வகை நகை, என்ன சுத்தம், எந்த மையத்தில் முத்திரை இடப்பட்டது என்று காட்டும். கையில் இருப்பது சங்கிலி. செல்போனில் வருவது மோதிரம். அப்படி என்றால் அந்த நகையை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வரலாம்.

முத்திரை இருக்கிறது என்பதற்காக 22 காரட் என்று நினைத்துவிடக் கூடாது. 18 காரட்டுக்கும் முத்திரை உண்டு. 14 காரட்டுக்கும் உண்டு. 2025-ல் 9 காரட்டும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. எனவே முத்திரையைப் பார்த்தால் போதாது. அதில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும்.

3 பவுன் சங்கிலியை 22 காரட் என்று வாங்குகிறீர்கள். அது 20 காரட்டாக இருந்தால் என்ன நஷ்டம்? 24 கிராமில் ஏறக்குறைய 2 கிராம் சுத்தத் தங்கம் காணாமல் போகிறது. இரண்டு எண்களில் அவ்வளவு இருக்கிறது!

விலக்கு உண்டு

சில இடங்களில் ஹால்மார்க் கட்டாயம் இல்லை. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. குழந்தையின் மோதிரம், தாலியில் கோக்கும் குண்டு மணி போன்றவை இதில் வந்துவிடும். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத சிறு கடைகளுக்கும் விலக்கு உண்டு.

அங்கே வாங்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. தலைமுறை தலைமுறையாக நாணயமாகத் தொழில் செய்யும் சிறு கடைக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் எத்தனை காரட் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ச் சொல்லைப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது.

பாட்டி கொடுத்த பழைய நகையில் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம். கட்டாயம் என்பது கடைக்காரருக்குத்தான். வீட்டில் உள்ள பழைய நகையை வைத்துக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம்.

அதன் சுத்தம் தெரிய வேண்டுமா? பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு நீங்களே எடுத்துப் போகலாம். 4 நகை வரை சோதிக்க 200 ரூபாய் என்றும், 5-ம் அதற்கு மேலும் என்றால் நகை ஒன்றுக்கு 45 ரூபாய் என்றும் கட்டணம் அறிவிக்கப்பட்டது.

முத்திரை உள்ள நகையிலேயே சுத்தம் குறைந்திருந்தால்? குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கும், சோதனைச் செலவும் வாங்கியவருக்கு நஷ்டஈடாகக் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கப் பில் வேண்டும்.

அசல் கணக்கு இனிமேல்தான்

இதுவரை சுத்தத்தைப் பார்த்தோம். இரண்டு கடைகளிலும் 916 முத்திரை. இரண்டிலும் அன்றைய விலை ஒன்று. அப்படியானால் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதானே?

இல்லை! முத்திரை சுத்தத்துக்கு மட்டுமே காவல். விலைக்கு அது காவல் இல்லை.

பில்லில் தங்கத்தின் விலைக்குக் கீழே இரண்டு சொற்கள் இருக்கும். ஒன்று சேதாரம். மற்றொன்று செய்கூலி. சில கடைகளில் இரண்டும் இருக்கும். சில கடைகளில் ஒன்று மட்டும் இருக்கும்.

செய்கூலி என்பது வேலைக்குக் கூலி. அது புரிகிறது. சேதாரம் என்றால் என்ன?

அந்தக் காலத்தில் நாம் தங்கம் கொடுத்து ஆசாரியிடம் நகை செய்தோம். வெட்டும்போதும், அராவும்போதும், உருக்கும்போதும் கொஞ்சம் தங்கம் பொடியாகச் சிந்தும். அந்த இழப்பை ஈடு கட்டக் கொடுத்ததே சேதாரம். சிந்தியதும் முழுவதும் வீண் போவதில்லை. பட்டறைக் குப்பையைக் கூட்டி, அலசி, தங்கப் பொடி எடுத்துப் பிழைப்பவர்கள் இன்றும் உண்டு.

இன்று பல நகைகளை இயந்திரம் செய்கிறது. உண்மையில் சிந்துவது மிகக் குறைவு. கடை வாடகை, சிப்பந்திகளின் சம்பளம், விளம்பரம், லாபம் எல்லாம் சேர்ந்து சேதாரம் என்ற ஒரே பெயரில் வருகிறது. கடைக்காரரும் பிழைக்க வேண்டும்தான். அதில் தவறு இல்லை. ஆனால் அது எவ்வளவு என்பது கடைக்குக் கடை, நகைக்கு நகை வேறுபடும். அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது.

ஒரு சங்கிலி, இரண்டு கடை

கணக்குக்கு வசதியாக, ஒரு கிராம் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 பவுனில், அதாவது 24 கிராமில், ஒரு சங்கிலி வாங்குகிறோம்.

முதல் கடையில் சேதாரம் நூற்றுக்கு 8. தங்கத்தின் விலை 2,40,000 ரூபாய். சேதாரம் 1 கிராம் 920 மில்லி. அதற்கு 19,200 ரூபாய். மொத்தம் 2,59,200. நூற்றுக்கு 3 வீதம் ஜி.எஸ்.டி. 7,776. ஆக, கட்ட வேண்டியது 2,66,976 ரூபாய்.

இரண்டாவது கடையில் சேதாரம் நூற்றுக்கு 14. தங்கத்தின் விலை அதே 2,40,000 ரூபாய். சேதாரம் 3 கிராம் 360 மில்லி. அதற்கு 33,600 ரூபாய். மொத்தம் 2,73,600. வரி 8,208. ஆக, கட்ட வேண்டியது 2,81,808 ரூபாய்.

வித்தியாசம் 14,832 ரூபாய்! ஏறக்குறைய ஒன்றரை கிராம் தங்கத்தின் விலை. இரண்டு சங்கிலியும் 24 கிராம். இரண்டும் 916. நாளைக்கு அடகுக்குப் போனால் இரண்டுக்கும் ஒரே மதிப்புத்தான். சேதாரத்துக்கோ செய்கூலிக்கோ வரிக்கோ யாரும் ஒரு காசு தர மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேதாரம் தங்கத்தின் எடையில் கணக்கிடப்படுகிறது. கிராம் 5,000 ரூபாயாக இருந்தபோது அந்த 8 சதவீதத்துக்கு 9,600 ரூபாய் கொடுத்தோம். கிராம் 10,000 ஆனால் 19,200 கொடுக்கிறோம். அதே சங்கிலி. அதே வேலை. தங்கம் ஏறும்போது சேதாரமும் தானாக ஏறிவிடுகிறது.

தள்ளுபடியின் தந்திரம்

"கிராமுக்கு 200 ரூபாய் தள்ளுபடி!" என்று விளம்பரம் வருகிறது. 24 கிராமுக்கு 4,800 ரூபாய் மிச்சம் என்று ஓடுகிறோம்.

கடையில் கிராம் 9,800 ரூபாய்தான். ஆனால் சேதாரம் நூற்றுக்கு 12. கணக்குப் போடுங்கள். தங்கம் 2,35,200. சேதாரம் 28,224. மொத்தம் 2,63,424. தள்ளுபடியே இல்லாத முதல் கடையில் வரிக்கு முன் 2,59,200தான். தள்ளுபடிக் கடையில் 4,224 ரூபாய் கூடுதல்!

"சேதாரம் இல்லை" என்று ஒரு கடை சொன்னால் செய்கூலியைப் பாருங்கள். "செய்கூலி இல்லை" என்றால் சேதாரத்தைப் பாருங்கள். "இரண்டும் இல்லை" என்றால் கிராம் விலையைப் பத்திரிகையில் வந்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் கூடியிருக்கலாம். கடைசித் தொகையை நகையின் கிராம் எடையால் வகுத்துவிடுங்கள். ஒரு கிராம் உங்கள் கைக்கு என்ன விலையில் வந்தது என்று தெரிந்துவிடும். எந்தக் கடை மலிவு என்று சொல்லும் உண்மையான விலை அதுதான்.

கல்லுக்குத் தங்க விலையா?

கல் வைத்த நகையில் இன்னும் கவனம் வேண்டும். ஓர் ஆரம் 30 கிராம். அதில் கல்லும் அரக்கும் 4 கிராம். தங்கம் 26 கிராம்தான். 30 கிராமுக்கும் தங்க விலை போட்டுவிட்டால், 4 கிராம் கல்லுக்கு 40,000 ரூபாய் கொடுத்தவர் ஆகிறோம்.

இதில் நமக்கு வழிகாட்டி ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழன் கொடுத்த நகைகளின் விவரம் கல்வெட்டில் உள்ளது. பொன்னை நிறுக்க "ஆடவல்லான்" என்று ஓர் எடைக்கல். ரத்தினங்களை நிறுக்க "தட்சிணமேரு விடங்கன்" என்று வேறோர் எடைக்கல். சட்டத்தையும், கோத்த நூலையும், செப்பாணிகளையும் நீக்கி ரத்தினங்களை நிறுத்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். சக்கரவர்த்தி கொடுத்த நகைக்கே அவ்வளவு கணக்கு. நாம் கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

மொத்த எடை எவ்வளவு, கல் எடை எவ்வளவு, நிகர எடை எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லின் விலையும் தனியாக இருக்க வேண்டும். வங்கியில் அடகு வைக்கும்போது தங்கத்துக்கு மட்டுமே மதிப்பு. கல்லைக் கழித்துவிடுவார்கள்.

தராசையும் பாருங்கள். நகையை வைப்பதற்கு முன் அது பூஜ்யம் காட்டுகிறதா? முத்திரை இடப்பட்ட தராசுதானா? இன்றைய விலையில் 100 மில்லி என்பது சின்ன விஷயம் அல்ல.

பழையதைக் கொடுத்துப் புதியது

பழைய நகையை மாற்றும்போது இரண்டு பக்கமும் நஷ்டம் வரலாம். பழையதில் அழுக்கு, கல், அரக்கு, பொடி என்று கழிப்பார்கள். புதியதில் சேதாரம், செய்கூலி, வரி என்று கூட்டுவார்கள். மாடல் பழசாகிவிட்டது என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால், நகையின் ஒரு பகுதி ஒவ்வொரு முறையும் கடையில் தங்கிவிடுகிறது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் மையத்தில் சுத்தத்தைச் சோதித்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உருக்குவதாக இருந்தால் உங்கள் கண்ணெதிரே உருக்கச் சொல்லுங்கள். பழைய நகைக்கு எந்த விலை போடுகிறார்கள் என்பதை, புதிய நகையைப் பார்ப்பதற்கு முன்பே கேளுங்கள். புதிய நகை கழுத்தில் ஏறிய பிறகு பேரம் பேச மனம் வராது!

நகைச் சீட்டுக் கட்டுபவர்களும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். மாதா மாதம் பணமாக வரவு வைக்கிறார்களா, கிராமாக வரவு வைக்கிறார்களா? சேதாரம் தள்ளுபடி என்றால் எத்தனை சதவீதம் வரை? எந்த நகைக்கெல்லாம் அது பொருந்தும்? ஊரில் இல்லாத வட்டி தருகிறோம் என்று ஒரு கடை சொன்னால், அந்தப் பக்கம் போகாதீர்கள். பூட்டிய கடை வாசலில் சீட்டு அட்டையோடு நின்று அழுத குடும்பங்களைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

எதற்காக வாங்குகிறோம்?

அணிந்து மகிழ வாங்கும் நகைக்கு வேலைப்பாடு வேண்டும். கோயில் சிற்பம் போன்ற வேலைக்கு ஆசாரியின் கை உழைத்திருக்கிறது. அதற்குக் கூலி கொடுப்பது நியாயம். அந்தப் பணம் திரும்பி வராது என்று தெரிந்தே கொடுக்கலாம்.

ஆபத்துக்கு உதவும் என்று வாங்கும் நகை வேறு. அதற்குச் சாதாரணச் சங்கிலி, வேலைப்பாடு குறைந்த வளையல் போதும். சேதாரம் குறைவு. கல் இல்லை. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி தங்கமாக வீட்டில் இருக்கும். வெறும் சேமிப்புத்தான் என்றால் தங்கக் காசுக்குக் கூலி இன்னும் குறைவு. ஆனால் தங்கக் கட்டியின் மேல் வங்கிகள் கடன் கொடுப்பதில்லை. காசு என்றாலும், உங்கள் வங்கி அதை அடகு பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

கடையில் ஆறு கேள்வி கேளுங்கள்.

இன்றைய 22 காரட் கிராம் விலை என்ன?

இந்த நகையில் எந்த எண் முத்திரை இருக்கிறது? கண்ணாடியில் காட்டுங்கள்.

கல் நீக்கி நிகர எடை எவ்வளவு?

சேதாரம் எத்தனை சதவீதம்? செய்கூலி எவ்வளவு? இரண்டும் சேர்ந்து எத்தனை ரூபாய்?

ஹால்மார்க் கட்டணம் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? (2022-ல் தங்க நகை ஒன்றுக்கு 45 ரூபாய் என்றும், அதற்கு வரி தனி என்றும் நிர்ணயித்தார்கள்.)

இதே நகையை நாளைக்கே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. நாணயமான கடைக்காரர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். பதில் சொல்லத் தயங்கினால், தெருவில் அடுத்த கடை இருக்கிறது.

விவரம் எல்லாம் உள்ள அசல் பில்லைக் கேட்டு வாங்குங்கள். "பில் இல்லாவிட்டால் வரி மிச்சம்" என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதீர்கள். நூற்றுக்கு 3 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், மீதி 97 ரூபாய்க்கும் சாட்சி இல்லாமல் போய்விடும். பில்லை நகைப் பெட்டியிலேயே வையுங்கள். எழுத்து மங்கும் தாளாக இருந்தால் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டியில் எந்த நகையின் பில் இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு அவசரமாக ஓட வேண்டிய இரவில், நகையை எடுத்துப் போகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது அல்லவா?